கன்னத்துக்குச் சேராத துப்பாக்கி

எங்கள் கிளப்பில் இப்போது சுடுகிறவர்களில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள். போன மாதம் அவர்களில் ஒருத்தி போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஆன்ட்டி, இதுல நம்ம கை அளவு, தோள் அளவு, ஒசரம் எல்லாம் போட்டா எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு அதுவே சொல்லிடுது. கரெக்டான்னு பாருங்களேன்." பார்த்தேன். கரெக்டாகத்தான் இருந்தது. குழல் விட்டம் பன்னிரண்டு போர், மேலும் கீழுமாக இரண்டு குழல், தோளில் வைக்கிற கட்டையின் நீளம் இவ்வளவு என்று எல்லாம் போட்டிருந்தது. நான் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவளுக்குச் சந்தோஷம். பின்னாலேயே வந்த செயலாளர், "அப்ப நீங்க ஆண்டு மலருக்கு, துப்பாக்கி தேர்ந்தெடுப்பது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுத்துடுங்க மேடம்" என்றார்.

எழுதலாம் என்று உட்கார்ந்தால், நாங்கள் கடையில் விற்ற துப்பாக்கிகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. விற்காமல், உரியவர் கேட்டும் கொடுக்காமல், கடையிலேயே வைத்துக்கொண்டிருந்த ஒரு துப்பாக்கிதான் வந்து நிற்கிறது. அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன். செயலாளர் மன்னிக்கட்டும்.

நான் ராயபுரத்துக்காரி. கல்மண்டபத்துக்குப் பின்னால் வீடு. அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடற் குழுவில் பாடுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் இருந்தபோது, பாரிமுனைப் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் டைப்பிஸ்ட் வேலை இருப்பதாக அப்பாவின் சிநேகிதர் வந்து சொன்னார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கிக் கடையா? காசிமேட்டுல போயி மீன் வித்தாலும் விக்கட்டும்" என்றாள். அப்பா அனுப்பி வைத்தார்.

கடையில் முதலாளி கல்லாவில் உட்காருவார். மற்றதெல்லாம் ஜானி பாய்தான். ஒல்லியான ஆள். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. முதல் நாள், மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். ரேக்கிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்தார். நடுவில் மடக்கித் திறந்தார், குழல் இரண்டையும் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார், மூடினார், என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். உடனே கையை நீட்டித் திருப்பி வாங்கினார். திறந்தார், பார்த்தார், மூடினார், நீட்டினார். மறுபடி வாங்கினேன். மறுபடி பிடுங்கிக்கொண்டார். கிண்டல் செய்கிறாரோ என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த முறை கைக்கு வந்ததும் எனக்கே என்னவோ தோன்றி, நானாக அதைத் திறந்து பார்த்தேன்.

"ஆங்" என்றார் பாய். "நா இப்பத்தான் தொறந்து பாத்தேன். நீயும் பாத்தே. அப்பவும் உன் கைக்கு வந்தா நீ தொறக்கணும். என் கண்ணை நம்பாதேம்மா."

அவ்வளவுதான் என் பயிற்சி. மற்றதெல்லாம் கூடவே நின்று பார்த்ததுதான். வெடித்துப்போன ஒரு குழலை அவர் இழுப்பறையில் வைத்திருந்தார். வாழைப்பழத் தோலை உரித்த மாதிரி இரும்பு பிளந்து சுருண்டிருக்கும். இருபது போர் தோட்டா பன்னிரண்டைவிடச் சின்னது. அதைக் கவனிக்காமல் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் போட்டால் அது உள்ளே நழுவிப் போய்க் குழலில் மாட்டிக்கொள்ளும். காலியாக இருக்கிறதென்று நினைத்துப் பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் கை போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு அளவும் வைத்திருக்கிறவர்கள் யார் வந்தாலும் பாய் பேசாமல் அந்தக் குழலை எடுத்து அவர்கள் முன்னால் வைப்பார். டீ வரும். குடித்து முடிக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் குழலைத் தடவிப் பார்ப்பார்கள், பூ வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள், எந்த ஊர் மேக் என்று கேட்பார்கள். பாய் ஆளைப் பார்ப்பார். "சாப்ட்டீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு சுடுவீர்களோ அதே சட்டையோடு நாளைக்கு வாருங்கள் என்பார். வந்தவரை இரண்டு கையையும் குவித்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அது வழியாக எதிரே நிற்கும் தன் மூக்கைப் பார்க்கச் சொல்வார். ஓட்டையில் எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் அவருக்கு ஆளுகிற கண். அது தெரியாமல் துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பது என்று தீர்மானிக்க முடியாது.

அடுத்தது சுவர். கடைக்குப் பின்னறையில் வெள்ளைச் சுவரில் நீலச் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்திருந்தார். காலித் துப்பாக்கியை எல்லோருமாகத் திறந்து பார்த்த பிறகு ஆள் கையில் கொடுப்பார். "புள்ளியப் பாத்துக்குங்க. கண்ணை மூடுங்க. இப்ப துப்பாக்கியத் தூக்கிக் கன்னத்துல வைங்க. கன்னத்தை அதுங்கிட்ட கொண்டுபோவாதீங்க, அதைக் கன்னத்துக்குக் கொண்டாங்க. ஆங். இப்பக் கண்ணைத் தொறங்க. இன்னா தெரியுது?"

குழல் முனையிலிருக்கும் வெண்கலப் பொட்டு நீலப் புள்ளியின் மேல் உட்கார்ந்திருந்தால் துப்பாக்கி அவருக்குச் சேர்கிறது. வலப்பக்கமோ இடப்பக்கமோ மேலேயோ கீழேயோ இருந்தால் சேரவில்லை. ரைஃபிளில் குறி பார்க்கப் பின்னாலும் ஒரு குறிமுள் உண்டு. பறவைத் துப்பாக்கியில் அது கிடையாது. சுடுகிறவரின் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் எந்த இடத்தில் உட்காருகிறதோ அந்த இடத்தில்தான் கண்ணும் இருக்கும். அரை விரற்கடை இறங்கினாலும் வானத்தில் எறிந்து சுடுகிற தட்டு தப்பிவிடும். சேரவில்லையென்றால் கட்டையை இழைப்பார், ரப்பர் வைத்து நீட்டுவார், தோல் ஒட்டுவார், எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிக் கட்டையை மெல்ல வளைப்பார். விலை அதிகமானதை ஒருவர் கேட்டு, அது சேராமல், ரேக்கில் கடைசியில் கிடந்த உள்நாட்டுத் துப்பாக்கி சேர்ந்துவிட்டால், பாய் அதைத்தான் கொடுப்பார். முதலாளி மேலே பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கல்மண்டபத்தில் கிளப் வேன் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும். கிளப் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கொண்டுபோவது எங்கள் கடைதான். மாத்தூரைத் தாண்டி ஏரிப் பக்கம் கிளப்புக்குச் சுடுவதற்கென்று ஒரு பொட்டல் இருந்தது, ரேஞ்ச் என்போம். குழிக்குள் தட்டு எறிகிற எந்திரம். தார் மாதிரியான கீலும் சுண்ணாம்பும் கலந்து வார்த்த தட்டு, ஒரு சாஸர் அளவு. சுடுகிறவர் "புல்" என்று கத்தினால், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் பொத்தானை அமுக்க, தட்டு குழியிலிருந்து சீறிக்கொண்டு போகும். பட்டால் கரும்பொடி. படாவிட்டால் தூரப் போய் மெத்தென்று விழும். இட்லி வடகறி பார்சல், பிளாஸ்க்கில் டீ, மணலிப் பக்கமிருந்து காற்றில் வருகிற ஆலை வாசம். வேலை என்று நினைத்து நான் அங்கே போனதே இல்லை.

அங்கேதான் தேசிங்கு அண்ணனைப் பார்த்தேன். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருந்தார். மற்றவர்கள் கம்பெனி அதிகாரிகள், டாக்டர்கள். இவர் ஒருத்தர்தான் லுங்கியோடு வந்து ரேஞ்ச் வாசலில் பேன்ட் மாட்டிக்கொள்வார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் எண்ணூர் கழிமுகத்துக்கு வாத்து சுட வருகிற துரைமார்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனவர். ஊருக்குத் திரும்பிய ஒரு துரை தன்னுடைய இரட்டைக் குழல் துப்பாக்கியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு லைசென்ஸ் மகன் பெயருக்கு மாறியது. தேசிங்கு அண்ணனும் வாலிபத்தில் கழிமுகத்தில் வாத்து சுட்டவர்தான். சட்டம் வந்து வேட்டை நின்றபின் துப்பாக்கி பரணில் கிடந்தது. எண்ணெய் போட அதைக் கடைக்குக் கொண்டுவந்த அன்றைக்கு ஜானி பாய் அவரைத் தட்டுக்கு இழுத்துவிட்டார்.

தண்ணீரிலிருந்து கிளம்பும் வாத்தைச் சுட்டுப் பழகினவர் என்பதால் அவர் துப்பாக்கி நிற்காது. தட்டோடு கூடவே போகும், அதைத் தாண்டும், தாண்டுகிறபோது வெடிக்கும், வெடித்த பிறகும் போய்க்கொண்டே இருக்கும். புதிதாகச் சுடுகிறவர்கள் விசையை அழுத்தும்போது கையை நிறுத்திவிடுவார்கள். எல்லாத் தப்புக்கும் காரணம் அதுதான். "தட்டு எங்க கீதோ அங்க சுட்டா அது அங்க இருக்காது சார். எங்க போவப் போவுதோ அங்க சுடு" என்று அதிகாரிகளுக்கே சொல்லிக் கொடுப்பார்.

அவர் மகன் சேகர், படகில் அப்பாவோடு போகிற வாலிபன், சில ஞாயிறுகளில் கூட வருவான். அவனுக்குத் துப்பாக்கி பிடிக்காது. அப்பாவைச் சீண்டத்தான் வருவான். "இன்னா நைனா, இன்னிக்குத் தட்டுதான் உன்னைச் சுட்டுது போல!" என்பான். அண்ணன் செருப்பைக் கழற்றுவது போல் குனிவார். எல்லோரும் சிரிப்போம்.

ஒரு பொதுத் தேர்தல் வந்தது. தேர்தலென்றால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தேசிங்கு அண்ணன் துப்பாக்கியை ஒப்படைக்க வந்தபோது சேகர்தான் அதை உறையோடு தூக்கிக்கொண்டு வந்தான். ரசீதை நான் எழுதிக் கொடுத்தேன்.

தேர்தல் முடிவதற்குள் சேகர் போய்விட்டான். முகத்துவாரத்தில் அலை அடித்துப் படகு கவிழ்ந்தது. அப்பா நீந்திக் கரைக்கு வந்துவிட்டார். மகன் வரவில்லை. பிறகு பழவேற்காட்டுப் பக்கம் உடலாக ஒதுங்கினான். நாங்கள் எல்லோரும் போனோம். தேசிங்கு அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையால் மகனின் சட்டையைப் பிடித்ததாகவும் அது நழுவிவிட்டதாகவும் பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

தேர்தல் முடிவுகள் வந்து, ஆட்கள் ஒவ்வொருவராக வந்து துப்பாக்கிகளை வாங்கிப் போய்க்கொண்டிருந்த சமயம். ஒரு காலையில் கடை திறந்தவுடன் தேசிங்கு அண்ணன் மனைவி அலமேலு அக்கா வந்தார். காசிமேட்டிலிருந்து நேராக வந்திருந்தார். காலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஆண்கள் பக்கம் போகாமல் என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

"யம்மா, அத்த மட்டும் குடுத்துராதீங்க."

எனக்குப் புரியவில்லை. "எதை அக்கா?"

"துப்பாக்கியத்தான். புள்ள போனதுலேருந்து வாயே தொறக்கல. சோறு வெச்சா துண்றதில்ல. வலை மேல குந்திகினு கடலப் பாத்துகினே கீறாரு. நேத்து ராவு திடீர்னு கேக்கறாரு, ரசீது எங்க கீதுன்னு. இத்தினி நாளைக்கப்பால அந்த மனுசன் பேசின மொத வார்த்தை அதான்மா." குரல் உடைந்தது. "இல்ல, தொலைஞ்சி போச்சின்னு சொன்னேன். அரிசிப் பானையில போட்டு வெச்சிருந்தேன். காலையில பாத்தா காணோம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்காவை உட்காரவைத்து டீ கொடுத்தோம். போன பிறகு முதலாளியிடம் சொன்னோம்.

முதலாளி நல்லவர்தான். ஆனால் பயந்தார். "லைசென்ஸ் உயிரோட இருக்கு. ரசீது கையில இருக்கு. வந்து கேட்டா குடுக்காம இருக்க முடியாது பாய். ஸ்டேஷன்ல சொன்னா அவங்க லைசென்ஸைப் பிடிச்சி வெப்பாங்க. ஆனா அந்த ஆளை மரியாதையாவா நடத்துவாங்க?"

"சாவி காணோம்னு சொல்லிடலாம் சார்" என்றேன். "போலீஸ் இன்னும் உத்தரவு குடுக்கலைன்னு சொல்லலாம்."

பாய் வேண்டாமென்று தலையாட்டினார். "பொய் சொன்னா ஒரு தபா தாங்கும். அப்பால நம்மகிட்ட வர மாட்டாரு. வேற எங்கியாவது போவாரு. அவரு நம்மகிட்ட வந்துகினே இருக்கணும்மா. அதான் முக்கியம்."

அன்று மத்தியானமே வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி. சட்டை தோளிலிருந்து தொங்கியது. கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரசீதை மேஜையில் வைத்து, கை எடுக்காமல் நின்றார்.

"வா தேசிங்கு. சாப்ட்டியா?" என்றார் பாய்.

"துப்பாக்கியக் குடு பாய்."

பாய் மறுக்கவில்லை. பெட்டகத்தைத் திறந்து எடுத்து வந்தார். வழக்கம்போல் திறந்தார், பார்த்தார், என்னிடம் நீட்டினார். நான் திறந்து பார்த்தேன். பின்னறைக்கு நடந்தார். தேசிங்கு அண்ணன் கூடப் போனார். இத்தனை வருஷப் பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது என்றுதான் நினைக்கிறேன்.

"தூக்கு, பாப்போம்."

"எதுக்கு பாய்?"

"கடையிலேருந்து போற துப்பாக்கிய எவன் எடுத்தாலும் சுவத்துல பாக்காம நா அனுப்பினது கெடையாது. உனுக்குத் தெரியும்."

அவர் கண்ணை மூடினார். தூக்கினார். கன்னத்தில் வைத்தார். கண்ணைத் திறந்தார்.

"இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல பாய். கருப்பா கீது. புள்ளியே தெரியல."

"மறுபடி."

மறுபடியும் அதேதான். பாய் பக்கத்தில் போய் அவர் கன்னத்தைத் தொட்டார். பல் வலிக்கிற குழந்தையைத் தொடுவது மாதிரி, இரண்டு விரலால். "இங்க சதை இருந்துச்சு. அது இல்ல. கண்ணு கீழ எறங்கிடுச்சு. இப்ப உனுக்குத் துப்பாக்கியோட பின்பக்கம்தான் தெரியும், முன்பக்கம் தெரியாது. இத்தால நீ எதையும் சுட முடியாது தேசிங்கு. கட்டைய ஏத்தணும்."

"எனுக்குத் தட்டு சுட வாணாம் பாய். சும்மா குடு. வூட்ல கெடக்கட்டும்."

பாய் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, விலை விசாரிப்பது போன்ற அதே சாதாரணக் குரலில் கேட்டார்:

"இத்த எடுத்துகினு போயி இன்னா பண்ணப் போறே? உன்னைச் சுட்டுக்கப் போறியா?"

அதை அப்படி வாய்விட்டுக் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது. நான் கதவோரம் நின்றிருந்தேன். தேசிங்கு அண்ணன் நீலப் புள்ளியைப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார். பாயும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து யாரையும் உள்ளே விடாமல் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் வெளியே வந்தபோது இரண்டு பேர் முகமும் வீங்கியிருந்தது. பாய் என்னிடம், "கட்டை வேலைக்கு வந்திருக்குன்னு எழுதிக்கம்மா. ஒவ்வொரு வியாழக்கெழமையும் வருவாரு, அளவு பாக்க" என்றார். அண்ணன் மறுக்கவில்லை. மறுநாள் பாயும் அலமேலு அக்காவும் அவரை அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாயே ஆட்டோ வைத்துக்கொண்டு குப்பத்துக்குப் போய், தட்டு எறிகிற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான், பொத்தான் அமுக்க ஆள் இல்லை என்று சொல்லி ரேஞ்சுக்கு அழைத்து வந்தார். அதுவும் உண்மைதான். அந்த ஆளுக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்ததே பாய்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அப்படியே மாதங்கள் போயின. வியாழக்கிழமை வருவார். கட்டையில் காகிதம் மாதிரி மெலிந்த ஒரு தோல் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணை மூடுவார், தூக்குவார், திறப்பார். இன்னும் கொஞ்சம் என்பார் பாய். பித்தளை ஸ்கேலை வைத்து அளவெடுப்பது என் வேலை. முதலில் பேசமாட்டார். பிறகு ஒருநாள், அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே, "சேகருக்கு இந்தத் தோல் வாசனை புடிக்காது தங்கச்சி" என்றார். அடுத்த வாரம் வேறொன்று. சட்டையைப் பிடித்த கதையை ஒரு வியாழக்கிழமை முழுக்கச் சொன்னார். நான் ஸ்கேலை வைத்துவிட்டுக் கேட்டேன். பொத்தான் அமுக்குவதிலும் அவரைப் போல ஆள் இல்லை என்று ரேஞ்சில் சொல்ல ஆரம்பித்தார்கள். சுடுகிறவன் வாயைத் திறக்கும்போதே அவர் விரல் தயாராக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். முதலாளி வெளியூரில். பெட்டகச் சாவி என்னிடம் இருந்தது. தேசிங்கு அண்ணன் தனியாக வந்தார். வியாழனுக்கு வரவேண்டியவர் வெள்ளியில் வந்திருக்கிறார். முகம் மழித்திருந்தார். வெள்ளைச் சட்டை. லைசென்ஸ் புத்தகமும் ரசீதும் கையில்.

"தங்கச்சி, இன்னிக்கு எனுக்கு அது வோணும்."

"பாய் வந்துடுவாரு அண்ணே. உக்காருங்க."

"பாய் இல்லாதப்பதான் வந்தேன்."

ஓடிப்போய்ப் பள்ளிவாசலில் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கடையில் அவரைத் தனியாக விட முடியாது. முடியாது என்று சொன்னால், பாய் இத்தனை நாள் பொய் சொல்லாமல் காப்பாற்றி வைத்த நம்பிக்கையை நான் உடைத்த மாதிரி ஆகிவிடும். தோட்டா அலமாரி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, பெட்டகத்தைத் திறந்தேன். குழலையும் கட்டையையும் எடுத்து ஒன்றோடொன்று மாட்டினேன். திறந்தேன், பார்த்தேன். "வாங்க, சுவத்துல பாத்துடலாம்" என்றேன்.

வந்தார். கண்ணை மூடினார். தூக்கினார். கன்னத்தில் கட்டை உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோலும் ஏறியிருந்தது, அவர் கன்னத்திலும் சதை கொஞ்சம் ஏறியிருந்தது. கண்ணைத் திறந்தார்.

"என்ன தெரியுது அண்ணே?"

"புள்ளி" என்றார். "பொட்டு புள்ளி மேல கீது."

துப்பாக்கியை இறக்கித் தானே திறந்து என் கையில் கொடுத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். பாயின் குரல் எனக்கு வரவில்லை, அழுகையோடுதான் வந்தது. "இதை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கு பாய் கேட்டப்ப எங்கிட்ட பதில் இல்ல. இல்லன்னு சொல்லியிருந்தா அது பொய்யி. இப்ப அவரு முன்னால சொன்னா அவரு மூஞ்சிக்காவ சொல்றேன்னு ஆயிடும். அதான் நீ தனியா கீறப்ப வந்தேன். ஞாயித்துக்கெழம சுடணும் தங்கச்சி. தட்டு சுடணும். பொத்தான அமுக்கி அமுக்கி வெரலு நமநமங்குது."

"அப்ப இது இங்கியே இருக்கட்டும் அண்ணே. ஞாயித்துக்கிழமை கிளப் துப்பாக்கிங்களோட வேன்ல நானே கொண்டாரேன். சுட்டுட்டு எங்கிட்டயே குடுத்துடுங்க."

யோசித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி" என்றார் கடைசியில். "வூட்ல வாணாம். அலமேலு தூங்க மாட்டா. இங்கியே கெடக்கட்டும்." ரசீதைத் திருப்பி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் வந்தவுடன் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் செய்தது சரியா என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே, "தெரியலம்மா. நா பண்ணதே சரியான்னு எனுக்குத் தெரியாது" என்றார். இப்போது புதிதாகக் கடையில் சேருகிறவர்கள் என்னைக் கேட்டால் நானும் அதைத்தான் சொல்லுவேன். கேள்வியைக் கேட்டுவிடுங்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். துப்பாக்கியைக் கையில் தராதீர்கள். மற்றதற்கு எனக்கு விதி தெரியாது.

அந்தத் துப்பாக்கி அதன்பிறகு அவர் வீட்டுக்குப் போகவே இல்லை. முட்டி வலி வந்து அவர் சுடுவதை விடுகிற வரைக்கும் கடைப் பெட்டகத்தில்தான் இருந்தது. பிறகு அவரே வந்து எழுதிக் கொடுக்க, முறைப்படி விற்றோம். வாங்கியவரின் கன்னத்துக்காகத் தோலை உரிக்கும்போது எனக்குக் கை வரவில்லை. பாயும் போய்விட்டார், அண்ணனும் போய்விட்டார். இருவரும் மூப்படைந்து, வீட்டுக் கட்டிலில் பிள்ளை குட்டி சூழப் போனார்கள். தேசிங்கு அண்ணனுக்குச் சூழ இருந்தவர்கள் அவர் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள்.

ஆனால் நான் எழுத வந்தது, தேசிங்கு அண்ணன் மறுபடி சுட வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

பூசை முடிந்து வேனில் ஏறினால், உள்ளே அலமேலு அக்கா உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் ரேஞ்சுக்கு வந்ததே இல்லை. பாய்தான் அழைத்து வந்திருந்தார். அக்கா வழி முழுவதும் துப்பாக்கி உறைகள் கிடந்த பக்கம் திரும்பவே இல்லை.

பொட்டலில் அன்றைக்குக் காற்று கம்மி. மற்றவர்கள் சுட்டு முடிக்கும்வரை தேசிங்கு அண்ணன் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பாய் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனைப் பார்த்துத் தலையசைத்தார். நான் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்தார். நான் ஒரே ஒரு தோட்டாவைக் கொடுத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டேன். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

அலமேலு அக்கா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

"புல்!"

தட்டு இடப்பக்கமாகச் சீறிக்கொண்டு போனது. துப்பாக்கி அதோடு கிளம்பியது, போனது, தாண்டியது, வெடித்தது. வெடித்த பிறகும் போய்க்கொண்டே இருந்தது. வானத்தில் ஒரு கரும்பொடி. அது மெல்ல விரிந்து ஏரிப் பக்கம் கரைந்தது. யாரும் கை தட்டவில்லை. அண்ணன் துப்பாக்கியைத் திறந்தார். காலித் தோட்டாவிலிருந்து புகை எழுந்தது. துப்பாக்கியை என்னிடம் நீட்டத் திரும்பினார். போதும் என்கிற மாதிரி இருந்தது முகம்.

அலமேலு அக்கா காதிலிருந்து கையை எடுத்தார். எங்கள் எல்லோரையும் தாண்டி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். பொடி கரைந்துபோன இடத்தையே பார்த்தார்.

"இன்னொரு தபா சுடு" என்றார்.